ஒன்று குறைந்த கோடி

99,99,999. ஒரு கோடிக்கு ஒன்று குறைவு. இந்த எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு மலைச்சரிவு திரிபுராவின் வடக்கே, கைலாசஹர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ‘ஊன’ என்ற வடசொல்லுக்குக் குறைவு என்று பொருள். நாம் பேச்சில் சொல்லும் ‘ஊனம்’ அந்த வேரிலிருந்து வந்ததுதான். ஊனமும் கோடியும் சேர்ந்து உனகோட்டி. தன் குறையை இப்படி நெற்றியில் எழுதிக்கொண்டு நிற்கும் ஊர்ப்பெயர் அரிது.

திரிபுராவுக்குப் போகிறேன் என்றால் நம் பக்கத்தில் பலரும், “அது எங்கே இருக்கிறது, அசாமிலா?” என்பார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 10,491 சதுர கிலோமீட்டர்தான் பரப்பு. கோவா, சிக்கிமுக்கு அடுத்து நாட்டின் மூன்றாவது சிறிய மாநிலம். வடக்கு, தெற்கு, மேற்கு மூன்று பக்கமும் வங்காளதேசம் சூழ்ந்திருக்கிறது. அசாமும் மிசோரமும் தொடும் கிழக்கு ஓரம்தான் இந்தியாவோடு ஒட்டிய பக்கம். பிரிவினைக்கு முன் தலைநகர் அகர்தலாவில் இருந்தவர்கள் சில கிலோமீட்டர் தள்ளியிருந்த அகௌரா நிலையத்துக்குப் போய் ரயில் ஏறினார்கள். 1947இல் அந்த நிலையம் வேறு நாடாகிவிட்டது. அதன்பின் கொல்கத்தா போக வேண்டுமென்றால் அசாம் வழியாக மேலே ஏறி, சிலிகுரி இடுக்கில் நுழைந்து, சுமார் 1,600 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அகர்தலாவுக்கு ரயில் வந்ததே 2008இல், அகலப்பாதை 2016இல். சிற்பங்களுக்குக் குறைவில்லை, போய்ச் சேரத்தான் வழியில்லாமல் இருந்தது. திரிபுராவை நாம் அறியாமல் போனதற்கு வேறு பெரிய காரணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அகர்தலாவிலிருந்து உனகோட்டி சுமார் 180 கிலோமீட்டர். ரயிலில் வந்தால் குமார்காட்டிலோ தர்மநகரிலோ இறங்கி, அங்கிருந்து வண்டி பிடிக்கலாம். கோயில் என்றதும் கோபுரத்தைத் தேடும் கண்களுக்கு இங்கே முதலில் ஒன்றும் தெரியாது. காடு, மரங்களின் நிழல், கீழே இறங்கும் படிகள், ஓடைச் சத்தம். படிகளில் இறங்கிக்கொண்டே நிமிர்ந்தால், எதிரே இருக்கும் பாறை ஒரு முகமாக மாறுகிறது.

அவர் உனகோட்டீஸ்வர காலபைரவர். கழுத்துக்குக் கீழே உடல் இல்லை. தலை மட்டுமே ஏறத்தாழ 30 அடி. அதில் தலையணி மட்டும் 10 அடி உயரம், முழுக்க வேலைப்பாடு. தலையணியின் இரு பக்கமும் இரண்டு பெண் தெய்வங்கள்; ஒருத்தி சிங்கத்தின்மேல் நிற்கும் துர்க்கை. அகன்ற முகம், நெற்றிக்கண், காதில் பெரிய வளையங்கள். தென்னாட்டுச் சிற்பங்களின் இழைத்த அழகை இதில் தேடக்கூடாது. மலையில் வாழ்ந்தவர்கள் தங்கள் சாயலிலேயே தெய்வத்தைச் செதுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தவர்கள் பலரும் சொல்வதுண்டு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. முகத்துக்குக் கீழே மூன்று நந்திகள், பாதி உடல் மண்ணுக்குள் புதைந்தபடி.

இன்னும் கீழே ஓடையோரம் பிரம்மாண்டமான பிள்ளையார் அமர்ந்திருக்கிறார். அவர் அருகே யானைமுகத்தோடு நிற்கும் உருவங்கள் உண்டு. நின்று தந்தங்களை எண்ணிப்பாருங்கள், இரண்டோடு நிற்காது. மழைக்காலத்தில் பக்கத்திலேயே அருவி இறங்கும். பாறையில் நேரடியாகச் செதுக்கியவை ஒரு பக்கம் என்றால், தனிக்கல்லில் வடித்த சிலைகள் இன்னொரு பக்கம்; நான்முக லிங்கமும் அவற்றில் உண்டு. பெரும்பாலானவை 7ஆம் நூற்றாண்டுக்கும் 9ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று கணிக்கிறார்கள்.

ஒரு கோடியில் ஒன்று ஏன் குறைந்தது? இரண்டு கதைகள் சொல்கிறார்கள். முதல் கதையில், சிவன் கோடி தெய்வங்கள் கொண்ட கூட்டத்தோடு பயணம் போகிறார். இரவு இங்கே தங்கல். விடிவதற்குள் எல்லோரும் எழுந்துவிட வேண்டும் என்பது அவர் கட்டளை. விடியும்போது சிவனைத் தவிர ஒருவரும் எழவில்லை. கோபத்தில் எல்லோரையும் கல்லாகச் சபித்துவிட்டு அவர் மட்டும் நடந்தார். கோடியில் அவர் ஒருவர் கழிந்ததால் மீதி ஊனகோடி.

இரண்டாவது கதை கல்லு கும்ஹார் என்ற குயவனுடையது. பார்வதியின் பக்தன் அவன். சிவனும் பார்வதியும் கைலாசம் கிளம்பியபோது தானும் வருவேன் என்று அடம்பிடித்தான். ஒரே இரவில் கோடி உருவங்கள் செய்தால் வரலாம் என்றார் சிவன். இரவெல்லாம் செதுக்கினான். விடிந்து எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. அவனை விட்டுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

முதல் கதையில் தெய்வம் கோபித்துக்கொள்கிறது. இரண்டாவதில் உழைத்தவன் தோற்றுப்போகிறான். என் மனம் இரண்டாவதோடுதான் நிற்கிறது. உளி பிடித்த கையின் வலி தெரிந்த யாரோ கட்டிய கதை அது. எந்த அரசன் கட்டளையிட்டான் என்பதை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு குயவனின் பெயரைத்தான் வைத்துக்கொண்டது.

சித்திரை நெருங்கும் வளர்பிறையில் அசோகாஷ்டமித் திருவிழா வரும்போது இந்தச் சரிவு முழுக்க மனிதத் தலைகள். ஆயிரக்கணக்கானோர் இங்குள்ள குண்டத்தில் நீராடிப் பூசை செய்கிறார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் இருக்கும் இடம் இது. 2022 டிசம்பரில் யுனெஸ்கோவின் உலக மரபுத் தற்காலிகப் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தப் பெருமையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஆயிரம் ஆண்டு கடந்தும் இங்கே விளக்கு அணையவில்லை என்பது.

உனகோட்டியோடு திரும்பிவிடாதீர்கள். தெற்கே அமர்பூரில் படகு ஏறினால் கோமதி ஆறு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே உங்களைச் சபிமுராவுக்குக் கொண்டுபோகும். முரா என்றால் குன்று; சபி என்றால் படம். படக்குன்று. தேவதாமுரா மலையின் இந்தச் சுவரில் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் தெய்வங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். நடந்து போய்த் தொட முடியாத இடம். நீரில் மிதந்தபடி அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். சுமார் 20 அடி உயரத்தில் மகிடாசுரனை வதைக்கும் தேவி நிற்கிறாள். பாறையில் பிடித்த செடிகொடிகள் அவள் உடலைச் சுற்றிப் படர்ந்திருக்கும். படகுக்காரர் மோட்டாரை நிறுத்தினால் பறவைக் குரல் மட்டும்தான். நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னும் தெற்கே, ஜோலாய்பாரிக்கு அருகே பிலாக். 8 முதல் 12ஆம் நூற்றாண்டு வரையிலான பௌத்த, இந்துச் சின்னங்கள் ஒரே மண்ணிலிருந்து வெளிப்பட்ட இடம். அவலோகிதேஸ்வரரும் நரசிம்மரும் அண்டைவீட்டுக்காரர்கள்போல் கிடைத்திருக்கிறார்கள். சுடுமண் பலகைகளைப் பார்த்தால் எல்லைக்கு அப்பால் இருக்கும் மைனாமதியும் பஹார்பூரும் நினைவுக்கு வரும். ஒரே கலை மரபின் நடுவே நாம் வேலி போட்டிருக்கிறோம்.

திரிபுராவை ஆண்ட மாணிக்ய மன்னர்களின் பழைய தலைநகர் உதய்பூர். ராஜஸ்தான் உதய்பூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1501இல் தன்ய மாணிக்யர் கட்டிய திரிபுரசுந்தரி கோயில் இங்கே ஆமை முதுகுபோன்ற மேட்டில் நிற்கிறது; 51 சக்தி பீடங்களில் ஒன்று. கூரையைக் கவனியுங்கள். மூங்கில் குடிசையின் வளைந்த கூரையைச் செங்கல்லில் அப்படியே வார்த்திருக்கிறார்கள், உச்சியில் பௌத்த ஸ்தூபியின் சாயலில் ஒரு முடி. மழை வழிந்தோட ஏழை கண்ட வழியை அரசன் தெய்வத்துக்கு எடுத்துக்கொண்டான். பின்னால் கல்யாண் சாகர் குளத்தில் ஆமைகள். பக்தர்கள் பொரி போடுகிறார்கள். பிரசாதம் பேடா, புவிசார் குறியீடு பெற்றது. அதே ஊரில் கோமதிக் கரையில் கோவிந்த மாணிக்யரின் புவனேஸ்வரி கோயில். உயிர்ப்பலியை நிறுத்த முயன்ற அந்த மன்னரை வைத்துத்தான் ரவீந்திரநாத் தாகூர் ‘ராஜர்ஷி’ நாவலையும், அதிலிருந்து ‘விசர்ஜன்’ நாடகத்தையும் எழுதினார்.

சுற்றுலா விளம்பரங்களில் எல்லாம் முதலில் வருவது நீர்மஹால். ருத்ரசாகர் ஏரி நடுவே வீர விக்ரம் கிஷோர் மாணிக்யர் 1930இல் தொடங்கி 1938இல் முடித்த கோடை மாளிகை. அந்தியில் அழகுதான். அகர்தலாவின் உஜ்ஜயந்த அரண்மனை, 1897 நிலநடுக்கத்தில் பழைய அரண்மனை இடிந்தபின் ராதா கிஷோர் மாணிக்யர் எழுப்பி 1901இல் முடித்தது. 2011 வரை சட்டமன்றம், இப்போது மாநில அருங்காட்சியகம். பிலாக் சிற்பங்களை நிதானமாகப் பார்க்க அங்கே அரைநாள் ஒதுக்குங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர் இதமாக இருக்கும் என்று பயணக் கையேடுகள் சொல்லும், அது சரிதான். ஆனால் உனகோட்டிக்கு மட்டும் மழை ஓய்ந்த கையோடு, அக்டோபரில் போகச் சொல்வேன். அப்போது ஓடையில் தண்ணீர் இருக்கும், படிகளில் பாசி இருக்கும், பார்த்துக் கால் வைக்க வேண்டும். கருங்கல்லைப் பார்த்துப் பழகிய நமக்கு அங்கே ஒன்று உடனே தெரிந்துவிடும்: இது மணற்பாறை, மெத்தென்ற கல். செதுக்க எளிது, கரையவும் எளிது. வேர்கள் விரிசலுக்குள் நுழைகின்றன. நீர் வழியும் இடங்களில் முகங்கள் மழுங்கிவிட்டன. மூக்கும் கண்ணும் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால்தான் அது முகம் என்றே தெரிகிறது. உடைந்து சரிந்த துண்டுகள் ஓடையோரம் கிடக்கின்றன. குயவனின் கணக்கிலிருந்து ஒவ்வொரு மழையும் கொஞ்சம் கழித்துக்கொண்டே இருக்கிறது.