நீட்சி எழுதுவோர் நடுவே

விக்கிப்பீடியாவில் ஏதேனும் ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டு போகும்போது, வாக்கியத்தின் முடிவில் சதுர அடைப்புக்குள் நிற்கும் சிறிய எண்ணைத் தொட்டதும் அதற்குரிய ஆதாரம் கண்முன் வந்து நிற்கிறதே, அந்த வசதி விக்கி மென்பொருளோடு கூடப் பிறந்தது என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது பின்னால் வந்து சேர்ந்தது. 1995-இல் வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் முதல் விக்கியைத் தோற்றுவித்தபோதும் சரி, 2002-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மானிய மாணவர் எழுதிய நிரலை விக்கிப்பீடியா ஏற்றுக்கொண்டபோதும் சரி, அடிக்குறிப்புக்கென்று இத்தகைய தனி ஏற்பாடு இல்லை. 2005-இல் ஐஸ்லாந்துக்காரரான அய்வார் ஆர்ன்ஃபியோர்த் பியார்மாசன் எழுதிய ‘சைட்’ என்னும் நீட்சிதான் அதைக் கொண்டுவந்தது. மூல மென்பொருளில் கை வைக்காமல், அதற்கு வெளியே நின்றுகொண்டே அதற்குப் புதிய சக்தியை அளிக்கும் இந்த நீட்சிகளை எழுதுவது ஒரு தனி வித்தை. அந்த வித்தையில் ஈடுபட்டவர்களை அருகிருந்து பார்க்கவேண்டும் என்ற ஆவலால், பழைய நூல்களைச் சேர்த்துவைக்கும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்துக்காக உழைக்கும் சிலர் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் கணினிக்கூடத்தில் கூடியபோது நானும் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

எனக்கு அருகில் இருந்தவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். பழைய செய்யுள் நூல்களின் பின்னால் ‘பாட்டு முதற்குறிப்பு அகராதி’ என்ற ஒரு பகுதி இருக்குமல்லவா, ஒவ்வொரு பாடலின் தொடக்கமும் அகர வரிசையில் பக்க எண்ணோடு அச்சிடப்பட்டிருக்குமே, அதை விக்கிமூலத்தில் மனிதர் கையால் தொகுக்கவேண்டிய அவசியமில்லாமல் தானாகவே உண்டாக்கித் தரும் நீட்சி ஒன்றை அவர் எழுதிக்கொண்டிருந்தார். மெய்ப்புப் பார்ப்பவர் ஒவ்வொரு செய்யுளையும் ‘பாட்டு’ என்ற குறிகளுக்கு இடையே இட்டுவிட்டால் போதும். நூலின் கடைசியில் முதற்குறிப்பு தானே அமைந்துவிடும். கேட்பதற்கு அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பாடலின் முதலடி மட்டும் நினைவில் நிற்க, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று தெரியாமல் தவித்த அனுபவம் உள்ள எவரும் இதை அற்பம் என்று சொல்லமாட்டார்.

வேலையின் முறையை அவர் எனக்கு விளக்கினார். விக்கிமூலத்தை இயக்கும் மீடியாவிக்கி என்ற மென்பொருள் ஒரு பக்கத்தைத் தயாரிக்கும்போது, வழியில் நூற்றுக்கணக்கான இடங்களில் சற்று நின்று, “இங்கே யாருக்காவது ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறதா?” என்று கேட்டுவிட்டுத்தான் மேலே செல்கிறது. அந்த இடங்களுக்குக் கொக்கிகள் என்று பெயர். வீடு கட்டுகிறபோதே, பின்னால் விளக்கு வைப்பவர்களுக்கு உதவும் என்று கருதிச் சுவரில் மாடங்களை விட்டுவைக்கும் கொத்தனாரின் முன்யோசனை இது. நீட்சி எழுதுபவர் தனக்கு வேண்டிய கொக்கி எது என்று கண்டுபிடித்துத் தன் நிரலை அதில் மாட்டுகிறார். நீட்சியின் பெயர், ஆசிரியர், உரிமம், அது பயன்படுத்தும் கொக்கிகள் ஆகிய விவரங்களை ஒரு சிறு ஜேசன் கோப்பில் எழுதி, விக்கியின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் நீட்சி உயிர் பெறுகிறது. அந்த வரியை எடுத்துவிட்டால், மூலம் முன்போலவே எவ்விதச் சேதமுமின்றி இருக்கிறது. மூல நிரலையே நேராகத் திருத்திவிடுவது எளிதுதான். ஆனால் அடுத்த பதிப்பு வரும் நாளில் அந்தத் திருத்தமெல்லாம் அழிந்துபோகும். பிறர் எழுதியதை மாற்றாமலே அதன்மேல் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்ளும் இந்தக் கட்டுப்பாடு என் மனத்தை மிகவும் கவர்ந்தது.

இளைஞரின் நீட்சி முதலில் ஓடியபோது, அவர் பக்கத்தில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், விக்கிமூலத்தில் நாள்தோறும் மெய்ப்புப் பார்க்கும் சிரத்தை உடையவர், திரையை உற்று நோக்கிவிட்டுக் கேட்டார்: “தம்பி, இந்தப் பட்டியல்ல ‘அன்பு’ எப்படி ‘அப்ப’த்துக்கு முன்னாடி வந்துது?”

“யூனிகோடுல ‘ன’வுக்கு ‘ப’வைவிடச் சின்ன எண்ணுங்க ஐயா. அந்த எண் வரிசையில அடுக்கியிருக்குது.”

“அகராதியில ‘ன’தானே கடைசி மெய்?”

இளைஞர் தலையசைத்தார். ‘ந’வுக்கு அடுத்து ‘ன’வையும், ‘ர’வுக்கு அடுத்து ‘ற’வையும் வைத்திருப்பது யூனிகோடு எண் வரிசை, நம் நெடுங்கணக்கிலோ ழ, ள, ற, ன என்பவை வகரத்துக்குப் பின்னால்தான் வருகின்றன. புள்ளி பெற்ற மெய், அதன் உயிர்மெய்களுக்கு முன்னால் நிற்கவேண்டும் என்ற நியதியும் எண் வரிசையில் கெட்டுவிடுகிறது. இதற்கு உபாயம் இல்லாமலில்லை. தமிழ் அகர வரிசையை அறிந்த ஒழுங்கமைப்பான் ஒன்று, மீடியாவிக்கி எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழியின் பன்னாட்டு நூலகத்திலேயே இருக்கிறது. அதை அழைத்துப் பயன்படுத்தவேண்டும் என்று அறிந்திருப்பதும், அறிந்ததை மறவாமல் செய்வதும்தான் தொழில் தெரிந்தவனுக்கு அடையாளம்.

அடுத்த பிழை இன்னும் நுட்பமானது. முதற்குறிப்பில் அடி முழுவதையும் காட்ட இடமில்லாததால், தொடக்கத்தில் சில எழுத்துக்களை மட்டும் வெட்டி எடுக்கும்படி அவர் எழுதியிருந்தார். ‘கொன்றை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பைட்டுகளாக எண்ணினால் 18. யூனிகோடு குறிகளாக எண்ணினால் 6. நாம் எழுத்தெண்ணிப் படித்தால் 3. குறிகளில் மூன்றை எண்ணி வெட்டியபோது, ‘கொன்’ என்று நிற்கவேண்டியது புள்ளியை இழந்து ‘கொன’ என்று நின்றது. ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதிப்பவர் கண்ணில் இந்தப் பிழை ஆயுள் முழுவதும் படாது. ஆசிரியர் கண்ணில் பட அரை நிமிஷம் ஆயிற்று. எழுத்துக்களை முழு வடிவமாக எண்ணும் வேறு செயற்கூற்றைப் பயன்படுத்தி இளைஞர் அதைச் சரிசெய்தார். நம்முடைய பாஷையைக் கணினியில் செம்மையாக வாழவைக்க விரும்புகிறவர்கள், நிரல் அறிந்தவரையும் எழுத்து அறிந்தவரையும் இப்படி ஒரே மேஜையில் உட்காரவைப்பதைவிடச் சிறந்த காரியம் வேறெதுவும் செய்துவிட முடியாது என்பது என் அபிப்பிராயம்.

பிற்பகலில், நீட்சிகளை மதிப்பாய்வு செய்வதில் நெடுங்கால அனுபவமுள்ள ஓர் அம்மையார் வந்து அந்த நிரலை வாசிக்கத் தொடங்கினார். விக்கிமீடியா உலகில் ஒருவர் எழுதிய திருத்தம் ‘கெரிட்’ என்ற தளத்துக்குப் போகிறது. அங்கே முதலில் இயந்திரம் சோதனைகளை ஓட்டிப் பார்க்கிறது. பிறகு மனிதர்கள் வரிவரியாகப் படிக்கிறார்கள். அதற்கென அதிகாரம் பெற்றவர் ‘கூட்டல் இரண்டு’ கொடுத்தால்தான் அது மூலக் களஞ்சியத்தில் சேரும். அம்மையார் ஓர் இடத்தில் விரலை வைத்தார். “உள்ளே வர்றதை அப்படியே பக்கத்துல விட்டுட்டீங்களே தம்பி. யாராவது பாட்டுக்குப் பதிலா ஸ்கிரிப்ட் எழுதிட்டா?” விக்கியை எவரும் தொகுக்கலாம் என்பதால், குறிகளுக்கு இடையே எவரும் எதையும் எழுதலாம், அதைத் தூய்மை செய்யாமல் வெளியிட்டால், தீய நோக்கமுள்ள ஒருவருடைய நிரல், படிக்கவந்த நிரபராதிகளின் உலாவியில் ஓடும். “ஆமாங்கக்கா, மாத்திடறேன்” என்று இளைஞர் அங்கேயே திருத்தினார்.

செய்திகளைப் பற்றியும் அம்மையார் மிகுந்த கண்டிப்பு உடையவராக இருந்தார். திரையில் தோன்றும் ஒவ்வொரு வாக்கியமும் நிரலுக்குள் கிடக்காமல் தனிக் கோப்பில் இருக்கவேண்டும்; துண்டு துண்டாக எழுதி நிரலில் ஒட்டிச் சேர்க்கக்கூடாது. ‘இத்தனை பாடல்கள்’ என்று ஒரு துண்டு, ‘இந்த நூலில்’ என்று ஒரு துண்டு என வைத்தால், ஆங்கிலத்தில் பின்னால் வருவது தமிழில் முன்னால் வரவேண்டும் என்பதை மொழிபெயர்ப்பவர் எப்படிச் சாதிப்பார்? முழு வாக்கியத்தைக் கொடுத்து, எண்ணும் பெயரும் வரும் இடங்களை மட்டும் காலியாக விட்டால், அவரவர் மொழியின் மரபுப்படி மாற்றிக்கொள்வார்கள். இவற்றோடு ‘க்யூக்யூக்யூ’ என்ற குறியீட்டில் இன்னொரு கோப்பும் உண்டு. அந்தப் பெயரில் பாஷை எதுவும் கிடையாது; ஒவ்வொரு செய்தியும் எங்கே தோன்றும், காலியிடத்தில் என்ன வரும் என்று மொழிபெயர்ப்பாளருக்கு விளக்கிச் சொல்வதற்காகவே அந்த இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நிக்லாஸ் லாக்ஸ்ட்ரோம் என்ற பின்லாந்துக்காரர் தொடங்கிய டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் உலகமெங்குமுள்ள தொண்டர்கள் அந்தக் குறிப்புகளை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். முகம் அறியாத ஒருவருக்காக இவ்வளவு பொறுமையாக எழுதிவைக்கும் பண்பை வேறு பல தொழில்களில் நான் காணவில்லை.

அம்மையார் தாமாகப் புது நீட்சி எதையும் எழுதுவதில்லையாம். எழுதியவர்கள் விட்டுப்போன நீட்சிகளைப் பராமரிப்பதே அவருடைய பணி. மீடியாவிக்கி ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு முறை புதிய பதிப்புக் காண்கிறது; பழைய செயற்கூறுகளை முதலில் ‘இனிப் பயன்படுத்த வேண்டாம்’ என்று எச்சரித்து, சில பதிப்புகள் கழித்து நீக்கிவிடுகிறார்கள். அந்த எச்சரிக்கையைப் படித்துத் தன் நிரலைத் திருத்த ஆள் இல்லாத நீட்சி ஒரு நாள் நின்றுபோகிறது. அதை நம்பி எழுதப்பட்ட பக்கங்களெல்லாம் வெறும் குறிகளாகக் காட்சியளிக்கின்றன. புதிதாக ஒன்றைப் படைத்தவனைப் புகழும் உலகம், அதைப் பத்தாண்டுகள் சாகாமல் காத்தவனைத் தெரிந்துகொள்வதே இல்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

“உங்களுக்கப்புறம் இதை யார் பாத்துக்குவாங்க?” என்று அம்மையார் இளைஞரைக் கேட்டார். நிரலைக் கவனிக்க, அதே கூடத்தில் இருந்த ஒரு கல்லூரி மாணவி இசைந்தார்; பராமரிப்பாளர் பட்டியலில் அவர் பெயர் இரண்டாவதாக ஏறியது. சோதனைக்குரிய செய்யுட்களைத் தேர்ந்து தரும் பொறுப்பைத் தமிழாசிரியர் ஏற்றுக்கொண்டு, ஆய்த எழுத்து வரும் பாடல்களும் கிரந்த எழுத்து வரும் பாடல்களும் அதில் கட்டாயம் இருக்கவேண்டும் என்று சொல்லி, ஒரு தாளில் நூற்பெயர்களை எழுதத் தொடங்கினார்.