கதியாலும் பேலும்

போன மாரிப் புயலில் லண்டன் பார்க்கிங்கில் எங்கள் வீட்டுப் பின்வளவு வேலி சரிந்தது. திருத்த வந்த கிழவர் ஒரு பலகையைக் காலால் தட்டி, "பேல் எல்லாம் உக்கிப் போச்சு" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வரம்பு மீறிய நடத்தையை 'பியாண்ட் த பேல்' என்பார்களே, அந்தப் பேலை இருபது வருடமாக வெளிறிய நிறம் என்றே நினைத்திருந்தேன்.

பேல் என்றால் கூர் சீவி நட்ட கட்டை. லத்தீனில் பாலுஸ். கட்டையின் பெயர் வேலிக்குப் போய், பிறகு வேலிக்கு உள்ளே கிடந்த நிலத்துக்கே ஆகிவிட்டது. அயர்லாந்தில் டப்ளினைச் சுற்றி ஆங்கில அரசின் சட்டம் செல்லுபடியான பகுதி, பிரான்சில் 1558 வரை ஆங்கிலேயர் கையில் இருந்த கலே, இரண்டும் பேல்தான். சொற்றொடரே டப்ளினில் பிறந்தது என்று பலர் சொல்வார்கள், அகராதிக்காரர்கள் ஒப்புவதில்லை. ரஷ்யப் பேரரசில் 1791 முதல் 1917 வரை யூதர்களைக் குடியிருக்க விட்ட மேற்குப் பகுதிக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர். 1881க்குப் பிறகு அங்கிருந்து ஓடிவந்த பலர் குடியேறிய வைட்சேப்பல், எங்கள் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் பாதையில்தான் இருக்கிறது.

தஞ்சாவூரில் வேலி என்பது நில அளவு: இருபது மா, ஏறக்குறைய 6.67 ஏக்கர். அடைப்பின் பெயர் அங்கும் அடைபட்ட நிலத்துக்குப் போயிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு வேலி வேலிதான். கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று கதியால் நட்டு, கிடுகால் அடைப்போம். கதியால் துளிர்க்கும்; குழையை ஆட்டுக்கு வெட்டுவோம். ஒவ்வொரு அடைப்புக்கும் எல்லைக் கதியால் நாலு விரல் அடுத்த வளவுக்குள் அரக்கும். அந்த நாலு விரலுக்காகக் கோடேறிய குடும்பங்கள் எத்தனை! ஆனால் வழக்கு நடக்கும்போதும் வேலியில் ஒரு பொட்டு இருக்கும். பொம்பிளையள் அதற்குள்ளால் கறிக் கிண்ணத்தோடு போய்வருவார்கள்.

அரசாங்கமும் அரக்கும். 1965இல் எசெக்ஸில் இருந்த பார்க்கிங்கை லண்டனுக்குள் எடுத்துவிட்டார்கள். கிழவர் இன்னும் தான் எசெக்ஸ்காரன் என்கிறார்.

அவர் நட்டது சீமெந்துத் தூண். வேலை முடிந்ததும் வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். கமெராவை இந்த மூலையில் இருந்து அந்த மூலை வரை கொண்டுபோகச் சொன்னா.

"வடிவாத்தான் கிடக்கு. பொட்டு எங்க விட்டனீ?"