சஹனில் பொறித்த ஆண்டு

வரலாறு கற்பித்தல் என்றாலே அரசர் பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்வித்தல் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. தமிழாசிரியனாகிய யான் இதில் தலையிடலாமோ எனச் சிலர் வினவக்கூடும். கல்வெட்டும் சுவடியும் தமிழ்த்துறைக்கும் உரியனவாதலின் அவ்வுரிமை எனக்கும் உண்டு.

அருகிலுள்ள பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவரைச் சில சனிக்கிழமைகளில் எம் துறைக்கு அழைத்திருந்தோம். வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைக் கொணருமாறு கூறி, கண்டது, கேட்டது, கருதுவது என மூன்று பத்திகள் வரைந்த தாளை அளித்தோம். ஒன்றை மற்றொன்றில் கலத்தல் கூடாது என்பதே ஒரே விதி.

கிரயப் பத்திரம், வெற்றிலைப் பெட்டி, கல்லச்சில் பதித்த அரபுத் தமிழ் நூல் எனப் பலவும் வந்தன. அந்நூலின் அரபு எழுத்துகளை மதரசாவில் ஓதிய பழக்கத்தால் கூட்டிப் படித்த சிறுமி, நான்காம் சொல்லில் நின்று, “இது தமிழ்!” எனக் கூவினாள். அரபுத் தமிழின் வரலாற்றை யான் ஒரு மணிநேரம் விரித்துரைத்திருப்பினும் அவ்வியப்பு விளைந்திராது.

ஒரு மாணவன் செம்புச் சஹனைக் கொணர்ந்தான். விருந்தில் பலர் ஒருங்கமர்ந்து உண்ணும் அப்பெருந்தட்டின் விளிம்பில் ஒரு பெயரும் ஹிஜ்ரி 1262 என்னும் ஆண்டும் இருந்தன. அவன் பாட்டனாரின் பூட்டனார் நிக்காஹ்வுக்கு வந்த சீர் அது என்பது வீட்டார் கூற்று. 1262உடன் 622ஐக் கூட்டி 1884 என்றான். 1885ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றில் அப்பூட்டனாரின் வயது 25 எனக் குறிக்கப்பட்டிருந்தமையால் எல்லாம் பொருந்திற்று.

“ரமலான் ஆண்டுதோறும் பதினோரு நாள் முந்தி வருகிறதே, வெறுமனே கூட்டலாமா?” என்றான் மற்றொருவன். யான் வாய் திறக்கவில்லை. ஆசிரியர்க்கு இது எளிதன்று. பிறை ஆண்டுக்கு 354 நாள் எனக் கொண்டு, 33 ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறத்தாழ 32 சூரிய ஆண்டுகளுக்குச் சமம் என இரண்டு பாடவேளைகளில் அவர்களே கண்டனர். சஹனின் காலம் 1846ஐ ஒட்டியது. பூட்டனார் பிறப்பதற்கு ஏறக்குறைய பதினான்கு ஆண்டு முந்தியது!

மறுவாரம் பாட்டனாரே வந்தார். “எங்க அத்தா சொன்னது பொய்யா?” என்றார். பிழையான கணக்கு குடும்பக் கதையைக் காத்தது. சரியான கணக்கு அதனை அசைத்தது. பெரியோரை மதிக்கவும் வேண்டும், உண்மையை மறைக்கவும் கூடாது. ஆய்வு முறையை மேனாட்டார் கொடையென்பாருக்கு ஒன்று கூறுவேன். 1377இல் ‘முகத்திமா’வை எழுதி முடித்த இப்னு கல்தூன், மூஸா நபியின் படையினர் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என மஸ்ஊதி முதலியோர் எழுதியதை, அத்துணைப் பெரும்படை ஒரே களத்தில் நின்று பொர இயலுமா எனக் கேட்டு மறுத்தார். மஸ்ஊதியை அவர் இழிவுபடுத்தினாரல்லர்.

சிறுவன் விடையளித்தான்: “பொய்யில்லை நன்னா. பாட்டன் பெயரைத்தானே பேரனுக்கு வைப்போம்? பேர் ஒன்று, ஆள் இருவராக இருக்கலாம்.” அதனைக் ‘கருதுவது’ பத்தியிலேயே எழுதியிருந்தான். பெரியவர் தாளை வாங்கிக் கணக்கை இருமுறை போட்டுப் பார்த்தார். பின்னர்ச் சஹனைச் சாளரத்தருகே திருப்பினார். பெயரையடுத்துத் தந்தை பெயர் இருந்த இடம் ஆண்டாண்டாகப் புளியிட்டுத் தேய்த்ததால் மங்கியிருந்தது. அவ்விடத்தைப் பக்கவெளிச்சத்தில் படிக்கும் முயற்சியில் இப்போது பேரனுடன் பாட்டனாரும் அமர்கிறார். இதுகாறும் இரண்டு எழுத்துகள் தெளிந்துள்ளன.