குரைக்கும் முன்னே கொடுங்கள்!

எங்கள் மணி வீட்டுக்குள் பரம சாது. வாசலைத் தாண்டி வேறு நாயைக் கண்டால் போதும், சங்கிலியை இழுத்துக்கொண்டு பாய்வான். "கைக்குழந்தை இருக்கிற வீடும்மா, எங்கேயாவது விட்டுடு" என்றார் மாமியார். எனக்கு மனசு வரவில்லை. அது கோபமல்ல, பயம். அடித்தால் பயம்தான் கூடும்.

அதனால் 30 அடி தள்ளியே நின்றேன். அந்த நாயை மணி பார்த்ததும், குரைக்கும் முன்னே உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று கொடுப்பேன். உடம்பு விறைத்தால், அதட்டாமல் திரும்பி நடந்துவிடுவேன். தினம் 10 நிமிஷம்தான். அவன் நிதானமாக இருந்தால் மட்டும் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தேன்.

3 மாதமாயிற்று. இப்போது வேறு நாய் வந்தால் மணி என் முகத்தைப் பார்க்கிறான்! உங்கள் வீட்டிலும் இப்படியொரு பயந்தாங்கொள்ளி உண்டா? சங்கிலியைச் சுண்டாதீர்கள்; முதலில் தூரத்தைக் கூட்டுங்கள்.