குருவைக் கூப்பிட்ட சீடனும், கூப்பிடாத நானும்

ஒஹாயோ மாநிலம் கொலம்பஸுக்குக் குடிவந்த புதுசுல ஒரு தப்பு பண்ணினேன். பையனோட பிறந்தநாள் விழாவை அக்டோபர் மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வெச்சேன். கூப்பிட்ட உள்ளூர்க்காரங்கள்ல ஒருத்தர்கூட வரலை. தங்கமணி செஞ்ச கேசரியை நாங்களே மூணு நாள் சாப்பிட்டோம். அன்னிக்கு ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தோட ஃபுட்பால் மேட்ச்சாம். ஒரு லட்சம் பேருக்கு மேல உட்காரக்கூடிய மைதானம் நிரம்பி வழிஞ்சுக்கிட்டிருக்கும்போது என் கேசரியை யார் சீந்துவாங்க?

ஃபுட்பால்னு சொன்னதும் பீலே, மரடோனா எல்லாம் ஞாபகத்துக்கு வந்தா தயவுசெஞ்சு அழிச்சுடுங்க. இது முட்டை வடிவப் பந்தைக் கையில தூக்கிக்கிட்டு ஓடுற அமெரிக்க ஃபுட்பால். பல வருஷம் எனக்கு இது தலையில ஹெல்மெட் மாட்டின சந்தைக்கடை மாதிரிதான் தெரிஞ்சுது. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் கண்ணைத் திறந்துவிட்டார். பள்ளிக்கூடப் பசங்களுக்குக் கோச்சா இருந்து ஓய்வு பெற்றவர். "பந்தைப் பார்க்காதே, ஓரமா நிக்கிற கோச்சுங்களைப் பாரு. யார் யார்கிட்ட பேசறாங்கன்னு கவனி" என்றார்.

கவனிச்சேன். ஒரு கோச் இல்லைங்க, ஒரு பட்டாளமே நிக்குது!

கணக்கு இதுதான். மேல்மட்டக் கல்லூரி அணிகள்ல தலைமைக் கோச் ஒருத்தர். அவருக்குக் கீழே உதவிக் கோச்சுகள் பத்து பேர். ஒன்பதா இருந்ததை 2018 ஜனவரியிலேர்ந்து பத்தாக்கினாங்க. இதுபோக அனலிஸ்ட், குவாலிட்டி கன்ட்ரோல், கிராஜுவேட் அசிஸ்டென்ட்னு ஒரு கூட்டம் தனி. (குவாலிட்டி கன்ட்ரோல்ங்கற பதவியைக் கேட்டதும் 'அட, நம்ம சாதிசனம்!'னு மென்பொருள்காரனான எனக்கு ஒரே சந்தோஷம்.) 2024 கோடை வரைக்கும் இந்தக் கூட்டம் வீடியோ பார்க்கலாம், குறிப்பு எழுதலாம், ஆனா ஆட்டக்காரனுக்கு நேரா நின்னு ஆட்டம் சொல்லித்தரக் கூடாது. 2024 ஜூன்ல அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துட்டாங்க. ஆனாலும் ஊர் ஊராப் போய் பள்ளிப் பசங்களைப் பார்த்து ஆள் சேர்க்கிற வேலை மட்டும் அந்தப் பதினோரு பேருக்குத்தான்.

இந்தப் பத்து பேரை எப்படிப் பிரிக்கிறதுங்கறதுதான் ஒவ்வொரு தலைமைக் கோச்சோட மூளைக்கும் வேலை. ஒஹாயோ ஸ்டேட்டோட 2024 அணியையே எடுத்துக்குவோம். தாக்குதலுக்கு அஞ்சு, தடுப்புக்கு அஞ்சு. தாக்குதல் பக்கம், ஒருங்கிணைப்பாளரே குவார்ட்டர்பேக்கையும் பார்த்துக்கிட்டார். பந்தோட ஓடுறவங்களுக்கு ஒருத்தர், பந்தைப் பிடிக்கிறவங்களுக்கு ஒருத்தர், டைட் எண்டுகளுக்கு ஒருத்தர், முன்வரிசையில மல்லுக்கட்டுற தடியன்களுக்கு ஒருத்தர். தடுப்புப் பக்கமும் ஒரு ஒருங்கிணைப்பாளர். அவருக்குத் துணையா முன்வரிசை, லைன்பேக்கர், கார்னர்பேக், சேஃப்டின்னு ஆளுக்கொரு பிரிவு. பந்தை உதைக்கிற ஸ்பெஷல் டீம்ஸுக்குச் சில அணிகள் தனியா ஒரு உதவிக் கோச்சை வெச்சுக்கும். இங்கே அந்தப் பத்துல அதுக்குன்னு தனி இடம் ஒதுக்கலை.

இதுல தடுப்பு முன்வரிசையைப் பார்த்துக்கிட்ட லாரி ஜான்சனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1996லேர்ந்து பென் ஸ்டேட், 2014லேர்ந்து இங்கே. அவர் வகுப்புல உருவான பசங்க போசா சகோதரர்கள், சேஸ் யங்னு வரிசையா தொழில்முறை ஆட்டத்துக்குப் போனாங்க. மனுஷன் அதே நாலு பேர் கையையும் காலையும் திருத்திக்கிட்டே இருந்தார்.

ஒருங்கிணைப்பாளர் வேலைதான் இதுல கிரீடம். அடுத்த ஆட்டம் ஓடுறதா, எறியறதா, யாருக்கு எறியறதுன்னு சில நொடியில முடிவு பண்ணணும். முன்னெல்லாம் கையை ஆட்டி ஜாடை, படம் போட்ட அட்டைன்னு காமெடியா இருக்கும். 2024லேர்ந்து களத்துல இருக்கிற ஒரு ஆட்டக்காரன் ஹெல்மெட்டுக்குள்ளேயே குரல் கேட்கலாம். அதுவும் கடிகாரத்துல 15 விநாடி பாக்கி இருக்கும்போது துண்டிச்சுடுவாங்க. அதுக்கப்புறம் பையன் பாடு.

பெரிய கேள்வி என்னன்னா, அந்தக் குரல் யாரோடது? தலைமைக் கோச்சா, உதவிக் கோச்சா?

ஒஹாயோ ஸ்டேட் தலைமைக் கோச் ரயன் டே. 2019லேர்ந்து தலைவர். தாக்குதல்ல கெட்டிக்காரர்ங்கறதால ஒருங்கிணைப்பாளர்னு ஒருத்தர் இருந்தாலும் 2023 வரைக்கும் ஆட்டத்தை இவரே சொன்னார். அதை விட்டுக்கொடுக்க முடிவு பண்ணி 2024 ஜனவரியில ஒருத்தரைப் பிடிச்சார். சில வாரத்துலேயே அவருக்கு வேற கல்லூரியில தலைமைப் பதவி கிடைச்சுப் போயிட்டார். அப்புறம் டே யாரைக் கூட்டிட்டு வந்தார் தெரியுமா? சிப் கெல்லியை!

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். ரெண்டு பேருமே நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் மான்செஸ்டர்காரங்க. டே அந்த மாநிலப் பல்கலைக்கழகத்துல குவார்ட்டர்பேக்கா ஆடினப்போ தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் கெல்லி. பின்னாடி ஃபிலடெல்ஃபியாவிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் கெல்லி தலைமைக் கோச்சா இருந்தப்போ அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் டே. அப்பேர்ப்பட்ட கெல்லி, ஆறு சீசன் தலைமைக் கோச்சா இருந்த யூசிஎல்ஏவை விட்டுட்டு, 2024 பிப்ரவரியில தன் மாணவனுக்குக் கீழே உதவிக் கோச்சா வந்து சேர்ந்தார். பதவி இறக்கம், சம்பளமும் குறைவு. ஊரே வாயைப் பிளந்துச்சு.

எனக்கு மட்டும் அந்தச் செய்தி நெஞ்சுல தைச்சுது. ஏன்னு சொல்றேன். இதை இதுவரைக்கும் தங்கமணியைத் தவிர யார்கிட்டேயும் சொன்னதில்லை.

2003ல சென்னையில நான் வேலைக்குச் சேர்ந்தப்போ எனக்கு ஒரு சீனியர் இருந்தார். மதுரைக்காரர். நான் அண்ணேன்னு கூப்பிடுவேன், அவர் தம்பின்னுவார். நான் எழுதுற நிரலை வரி வரியாப் படிச்சு, "இது ஓடும் தம்பி, ஆனா அடுத்தவன் படிச்சா அழுவான்"னு திருப்பித் தருவார். ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்துட்டு மறுபடி உட்கார வைப்பார். இன்னிக்கு நான் சாப்பிடற சோறு அவர் போட்டது. மிகையா சொல்லலை.

2022ல எங்க ஆபீஸ்ல என் குழுவுக்கு ஒரு மூத்த பொறியாளர் தேவைப்பட்டது. நான் மேனேஜர். வந்த விண்ணப்பங்கள்ல அண்ணன் பேர் இருந்துச்சு. நியூஜெர்சியில வேலை போயிருந்தது அவருக்கு. எனக்கு ஃபோன்கூடப் பண்ணலை, முறைப்படி விண்ணப்பிச்சிருந்தார். சிபாரிசு கேட்கிற ஆள் இல்லை.

நான் அந்தத் தாளை ஒதுக்கி வெச்சேன். "அவர் எப்படி எனக்குக் கீழே வேலை செய்வார்? அவர் மரியாதை என்ன ஆகிறது? வருஷக் கடைசியில அவருக்கு நான் மார்க் போடறதா?" இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பத்து வயசு சின்னப் பையன் ஒருத்தனை எடுத்தேன். அண்ணனுக்கு வழக்கமான 'நன்றி, வணக்கம்' மின்னஞ்சல் தானாப் போச்சு.

இப்ப 2024 சீசனுக்கு வருவோம். நவம்பர் 30ஆம் தேதி சொந்த மைதானத்துல பரம வைரி மிச்சிகன்கிட்ட 13க்கு 10னு தோத்தாங்க. தொடர்ந்து நாலாவது வருஷம்! ஊர்ல டேயைத் துரத்தணும்னு ஒரே கூச்சல். கெல்லி ஆட்டம் சொன்ன விதத்தையும் கிழிகிழின்னு கிழிச்சாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு அல்ப நிம்மதி. 'பார்த்தியா, குருவைக் கீழே வெச்சுக்கிட்டா இப்படித்தான் ஆகும்.'

டே பேட்டனைப் பிடுங்கலை. கெல்லியே தொடர்ந்து ஆட்டம் சொன்னார். பன்னிரண்டு அணிகள் மோதின முதல் பிளேஆஃப் அது. டென்னஸி, ஒரேகன், டெக்சஸ்னு வரிசையா ஜெயிச்சு, 2025 ஜனவரி 20ஆம் தேதி அட்லாண்டாவுல நோட்டர் டேமோட இறுதி ஆட்டம். எட்டு புள்ளி முன்னிலைதான், நேரம் கொஞ்சம்தான் பாக்கி. மூணாவது வாய்ப்புல இன்னும் 11 கெஜம் போகணும். ஓடி நேரத்தைக் கரைப்பாங்கன்னு நான் நினைச்சேன். எறிஞ்சாங்க! ஜெரமையா ஸ்மித் கையில போய் விழுந்துச்சு, 56 கெஜம். 34க்கு 23னு கோப்பை கொலம்பஸுக்கு வந்துச்சு. சில நாள்ல கெல்லியும் மூட்டை கட்டிக்கிட்டு லாஸ் வேகஸ் தொழில்முறை அணிக்குக் கிளம்பிட்டார். ஒரே ஒரு சீசன்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர்கிட்ட, "குரு கீழே இருந்தா தலைவனுக்குக் கூச்சமா இருக்காதா?"ன்னு கேட்டேன். "கூச்சம் யாருக்கு? வர்றவரே அதைக் கணக்குப் போட்டுத்தானே வர்றார். அவருக்காக நீ ஏன் கூச்சப்படறே?" என்றார். அவருக்கு என் கதை தெரியாது. சும்மா சொன்னார். எனக்குப் பளார்னு விழுந்துச்சு.

அன்னிக்கு ராத்திரியே அண்ணனைக் கூப்பிட்டேன். ஏழெட்டு மாசம் வீட்டுல இருந்துட்டு, டாலஸ்ல ஒரு சின்ன கம்பெனியில சேர்ந்துட்டாராம். சௌக்கியம் விசாரிச்சு, பசங்க படிப்பெல்லாம் பேசி முடிச்சு, மெதுவா 2022 விஷயத்தை எடுத்தேன். அவர் மரியாதைக்காகத்தான் அப்படிப் பண்ணினேன்னு ஆரம்பிச்சேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னார்: "உன் டீம்னு தெரிஞ்சுதான் தம்பி போட்டேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவ்வளவுதான். திட்டலை. உடனே என் பையன் எந்தக் காலேஜ் சேரப்போறான்னு கேட்க ஆரம்பிச்சுட்டார். எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரலை.

மரியாதை, மரியாதைன்னு நான் காப்பாத்தினது அவரோடதை இல்லை மக்களே. அவர் முன்னாடி உட்கார்ந்து என் நிரலை மறுபடியும் படிக்கக் கொடுக்கணுமேங்கற என் பயத்தைத்தான்.

இப்பவும் சனிக்கிழமை மேட்ச் பார்க்கிறேன். பெரியவர் சொன்ன மாதிரி பந்தைப் பார்க்கிறதில்லை. காதுல ஹெட்செட் மாட்டிக்கிட்டு தலைமைக் கோச் சும்மா கேட்டுக்கிட்டு நிக்கிற நேரம் இருக்கு பாருங்க, அதைப் பார்ப்பேன்.

டிஸ்கி: அண்ணன் இந்த கோடையில குடும்பத்தோட கொலம்பஸ் வர்றார். தங்கமணி இப்பவே ரவை வாங்கி வெச்சாச்சு. இந்தத் தடவை கேசரி மிஞ்சாது :-)