எட்டாத முதுகு

வறண்ட தோலை ஒரு துன்பமாக எவரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் விரைகிறோம். பல் வலித்தால் வீட்டையே விழித்திருக்க வைக்கிறோம். தோல் வறண்டு வெடித்தாலோ, "வயதானால் அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடுகிறோம். மாதத்தின் முதல் வெள்ளிதோறும் நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டு செல்லும் குருக்கள், அச்சொல் எவ்வளவு இரக்கமற்றது என்பதை நன்கு அறிவர். முதியோரின் கெண்டைக்கால்களில் மீன் செதில்போல் பிளந்த தோல்; சொறிந்து சொறிந்து உண்டான நகக் கீறல்கள்; அவற்றுள் சிலவற்றில் சீழ். இவை வீட்டுக்கு வீடு காணக்கூடியவை. பகலில் பேச்சுத் துணையால் மறந்திருக்கும் அரிப்பு, விளக்கணைந்த பின்னர் விழித்துக்கொள்கிறது. அவ்வேளையில் அவர்களுடன் விழித்திருப்பார் யாருமில்லை.

நோயில்பூசுதல் அருட்சாதனத்தில் நோயாளியின் நெற்றியிலும் கைகளிலும் குரு எண்ணெய் பூசுகிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அக்கைகளைத் தொட்டு வருபவன் என்ற முறையிலேயே, மருத்துவன் அல்லாத நான் இப்பொருளைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

நம் தோலின் வெளியடுக்கை ஒரு செங்கல் சுவருக்கு ஒப்பிடுவர் அறிவியலார். இறந்து தட்டையான உயிரணுக்கள் செங்கற்கள்; அவற்றின் இடைவெளிகளை நிரப்பும் கொழுப்புப் பொருள்கள் சாந்து. சாந்து செவ்வையாக இருக்கும்வரை உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது. வயது ஏற ஏற இச்சாந்து குறைகிறது. தோலுக்கு இயல்பாகச் சுரக்கும் எண்ணெயும் குறைகிறது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பதும், நுரை பொங்கும் சோப்பை உடல் முழுவதும் தேய்ப்பதும் எஞ்சியுள்ள சாந்தையும் கரைத்துவிடுகின்றன. தென்மாவட்டங்களில் வீசும் ஆடிக்காற்றும், மார்கழியின் வறண்ட குளிரும் மீதி வேலையை முடித்துவிடுகின்றன. ஆக, வறண்ட தோலுக்கு முதல் தேவை நீர். அந்நீரை உள்ளேயே நிறுத்தி வைக்கும் ஒரு மூடி இரண்டாம் தேவை. எண்ணெய் என்பது அம்மூடியே.

இந்த வரிசையை நான் கற்றது குருமடத்து வகுப்பறையில் அன்று. மாணவனாய் இருந்தபோது விடுமுறைகளில் தொழுநோயாளர் இல்லம் ஒன்றில் பணிபுரிய எங்களை அனுப்புவதுண்டு. தொழுநோய் நரம்புகளைத் தாக்குவதால் கை கால்களில் வியர்வை நின்றுபோகிறது. தோல் காய்ந்து வெடிக்கிறது. உணர்ச்சியற்ற அவ்வெடிப்புகளே பின்னர் ஆறாப் புண்களாகின்றன. ஆகவே அங்கே காலை தோறும் ஒரு கடமை உண்டு. அனைவரும் வாளி நீரில் ஏறத்தாழ இருபது நிமிடம் கால்களை ஊற வைப்பர். பின்னர்த் தடித்த தோலை மெல்லத் தேய்த்து நீக்குவர். ஈரம் முற்றிலும் உலர்வதற்கு முன் எண்ணெய் பூசுவர். விரல் மழுங்கியோருக்கு விரல் உடையோர் பூசிவிடுவர். விலை உயர்ந்த மருந்து எதுவும் அங்கில்லை. நீரும் எண்ணெயும் பொறுமையுமே இருந்தன.

நம் முன்னோரின் எண்ணெய்க் குளியலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே எண்ணெயை முதலில் தேய்த்துப் பின்னர்ச் சீயக்காயால் நீக்கிவிடுகிறோம். வறண்ட தோலுக்கோ, குளித்தபின் உடலைத் துணியால் ஒற்றி எடுத்து, சில நிமிடங்களுக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே பூசிவிடுவது மிகுந்த பயன் தருகிறது. காய்ந்த தோலின்மேல் எவ்வளவு பூசினாலும், உள்ளே நிறுத்தி வைக்க ஈரம் இராது.

நானே ஒரு களிம்பு செய்து பார்க்கும் தேவை 2020-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. கொரோனா காலத்தில் ஒவ்வொரு திருப்பலியிலும் சானிடைசரால் கைகளைத் துடைத்துத் துடைத்து, என் விரல் நுனிகள் வெடித்துவிட்டன. திருப்பலிப் புத்தகத்தின் தாளைப் புரட்டினாலும் எரியும். "வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்னும் பழமொழி அப்போது நினைவுக்கு வந்தது. அன்று முதல் எங்கள் பங்கு இல்லத்துச் சமையலறையில் மாதம் ஒருமுறை இக்களிம்பு தயாராகிறது. செய்முறை எளிது.

தேங்காய் எண்ணெய் 60 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 20 கிராம், தேன்மெழுகு 20 கிராம். மெழுகு நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். ஒரு பெரிய பாத்திரத்தில் நீரைக் காய வைத்து, அதனுள் ஒரு சிறு பாத்திரத்தை இறக்கி, அதிலே மெழுகைச் சீவிப் போட்டு எண்ணெய்களை ஊற்றுக. நேரடியாக அடுப்பில் வைத்தல் ஆகாது. தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் உருகும். ஆகையால் நீர் தளதளவென்று கொதிக்க வேண்டிய தேவையும் இல்லை. மெழுகு முழுவதும் உருகியபின் இறக்கி, நன்கு கலக்கி, ஈரமற்ற வாயகன்ற கண்ணாடிக் குப்பியில் ஊற்றி ஆறவிடுக. ஊற்றுமுன் ஒரு துளியைக் குளிர்ந்த கரண்டியில் விட்டுப் பார்த்தால் பதம் தெரியும். கட்டியாக இறுகினால் சிறிது எண்ணெயும், தளர்ந்து ஓடினால் சிறிது மெழுகும் சேர்க்கலாம். தேங்காய் எண்ணெய் 25 பாகைக்கு மேல் உருகி நிற்கும் இயல்புடையது. நம் ஊர் வெயிலில் அது வழிந்தோடாமல் தோலின்மேல் தங்குவதற்கு மெழுகு துணை செய்கிறது.

கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை உருக்கலாமா என்று எங்கள் கோவில்பிள்ளை கேட்டார். வேண்டாம். இன்று கடைகளில் விற்கப்படும் திரிகளில் பெரும்பாலானவை தேன்மெழுகால் ஆனவை அல்ல. மண்ணெண்ணெயைப் போலப் பாறை எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பாரபின் மெழுகால் ஆனவை. சாயமும் மணப்பொருளும்கூடக் கலந்திருக்கும். அவை ஒளி தருவதோடு நிற்கட்டும்.

இக்களிம்பில் நீர் ஒரு சொட்டும் சேரக்கூடாது. சோற்றுக்கற்றாழைச் சாறு, பன்னீர், பால் ஆகியவற்றைச் சேர்க்கப் பலர் விரும்புவர். நீர் கலந்த பண்டத்தில் பூஞ்சையும் கிருமிகளும் எளிதில் வளரும். கண்ணுக்குப் புலப்படாமலும் வளரும். வெடித்த தோலில் அதைப் பூசுவது நோயை அழைப்பதாகும். எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் தோலை எரிக்கும். எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் உண்டாகலாம். குப்பியிலிருந்து உலர்ந்த கரண்டியால் எடுத்துக்கொள்க. நிழலில் வைத்து மூன்று மாதங்களுக்குள் பயன்படுத்துக. சிக்கு வாடை வந்துவிட்டால் தயங்காமல் கொட்டிவிடுக. முதன்முறை பூசுவோர், முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, ஒன்றிரண்டு நாள் பொறுத்து, சிவப்போ அரிப்போ இல்லை எனக் கண்டபின் தொடரட்டும்.

ஒலிவ எண்ணெய்தானே விவிலியத்தின் எண்ணெய், அதையே பயன்படுத்தினால் என்ன என்று சிலர் வினவுகின்றனர். 2013-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, ஒலிவ எண்ணெய் தோலின் காப்புச் சுவரைச் சற்றுத் தளர்த்துகிறது என்றும், சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்வதில்லை என்றும் கண்டது. தேங்காய் எண்ணெயைப் பற்றி 2004-இல் பிலிப்பைன்ஸ் நாட்டவர் செய்த ஆய்வு ஒன்றுண்டு. வறண்ட தோலுடைய 34 பேரிடம் இரு வாரம் நடத்தப்பட்ட அதில், மருந்துக் கடைகளில் விற்கும் கனிம எண்ணெய்க்கு ஈடான பயனைத் தேங்காய் எண்ணெயும் தந்தது. திருச்சபையும் இதில் பரந்த மனத்தோடேயே நடந்துகொண்டிருக்கிறது. ஒலிவ எண்ணெய் கிடைப்பதற்கு அரிதான நாடுகளில், நோயில்பூசுதலுக்கு வேறு தாவர எண்ணெயைப் பயன்படுத்தலாம் என்று 1972-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை ஆறாம் பவுல் இசைவளித்தார். எண்ணெயின் பிறப்பிடத்தைவிட அதைப் பெறும் மனிதரின் நலனே முதன்மையானது.

இவ்வாறு செய்த குப்பிகளை நோயுற்றோர் இல்லங்களுக்கு எடுத்துச் செல்லத் தொடங்கினேன். எங்கள் பங்கில் எழுபத்தெட்டு வயது மூதாட்டி ஒருவர் தனியே வாழ்கிறார். மகன் குவைத்தில், மகள் மணமாகித் தொலைவில். அவருக்கும் ஒன்று கொடுத்தேன். மறுமாதம் சென்றபோது கால்களில் செதில் மறைந்திருந்தது. கைகளும் மென்மை பெற்றிருந்தன. மகிழ்ந்து, "இப்போது நன்றாக உறங்குகிறீர்களா, பாட்டி?" என்றேன்.

"காலுக்கும் கைக்கும் கொறையில்ல சாமி. முதுகுக்குத்தான் கை எட்டமாட்டேங்கு. ராத்திரில எந்திச்சுப் போயி நிலையில ஒரசிக்கிடுதேன்."

கதவு நிலையைப் பார்த்தேன். அவர் தோள் உயரத்தில், மரத்தின் ஓரம் ஓரிடத்தில் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்து பளபளத்தது. எத்தனை இரவுகளின் தேய்மானம் அது!

தோல் மருத்துவ நூல் எதிலும் காணாத ஓர் உண்மை எனக்கு அப்போது விளங்கிற்று. களிம்பை நாமே செய்யலாம். காலுக்கும் கைக்கும் நாமே பூசலாம். முதுகுக்கு மட்டும் இன்னொருவர் வேண்டும். இறைவன் நம் உடலிலேயே அயலாருக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார் போலும். பிள்ளைகள் அனுப்பும் பணம் வங்கிக்கு வந்து சேர்கிறது. மருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது. கை ஒன்று வந்து சேர வழியில்லை.

மரியாயின் சேனைச் சகோதரிகளிடம் இதைச் சொன்னேன். பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பெண்மணி தாம் போவதாக முன்வந்தார். மூதாட்டி முதலில் இசையவில்லை. "அடுத்தவுக கையில முதுகைக் காட்டவா?" என்று கூசினார். "எங்கம்மைக்கு நான் செய்யலையா, ஆச்சி?" என்று அப்பெண் கேட்டபின் ஒருவாறு உடன்பட்டார். இப்போது வாரம் மூன்று மாலைகளில், ஆச்சி இளஞ்சூட்டு நீரில் குளித்து முடிக்கும் வேளைக்கு அவர் சென்றுவிடுகிறார். பூசி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. பேச்சு முடிய ஒரு மணி நேரம் ஆகிறது. சில வாரங்களுக்குப்பின் ஆச்சியே ஒன்றைக் கவனித்து எனக்குச் சொன்னார்: புகையிலைத் தூளில் காய்ந்து வெடித்திருந்த அப்பெண்ணின் விரல்களும் ஆறிவிட்டன.

இக்களிம்பை மந்திரித்துத் தருமாறு கேட்போர் உளர். அருட்சாதன எண்ணெய் வேறு, இது வேறு என்பதை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முன்னையதைக் குருவே பூச இயலும். அதற்குத் திருச்சபையின் செபமும் அருளும் உண்டு. பின்னையதை எவரும் செய்யலாம், எவரும் பூசலாம். எனினும் அவை ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. நல்ல சமாரியர் காயம்பட்டவருக்கு எண்ணெய் வார்த்தபோது அவர் குருவாக இருக்கவில்லை. அவ்வழியே முன்னர்ச் சென்ற குருவோ நின்று பார்க்கவும் இல்லை. குருத்துவத் திருநிலைப்பாட்டில் எங்கள் உள்ளங்கைகளில் கிறிஸ்மா பூசப்படுகிறது. பூசப்பட்ட கைகள் பிறரைத் தொடுவதற்கே என்று மறையுரையில் சொல்வது எளிது. அந்தப் பீடித் தொழிலாளி அதை வாரம் மூன்று முறை செய்துகொண்டிருக்கிறார்.

பிறருக்குப் பூசும் கைக்கு ஒரு நன்மை உண்டு: அது தோலைக் காண்கிறது. தாமே காண இயலாத முதுகையும் பாதத்தையும் அவர்களுக்காக நாம் பார்த்துச் சொல்லலாம். வெளிறியோ சிவந்தோ தோன்றும் தேமல் உணர்ச்சியற்றிருந்தால் அது தொழுநோயின் அறிகுறியாகலாம்; அரசு மருத்துவமனைகளில் அதற்குக் கட்டணமின்றி மருந்து தரப்படுகிறது, முற்றிலும் குணமாகவும் செய்கிறது. தடிப்பு எதுவுமின்றி உடல் முழுவதும் நீங்காத அரிப்பு இருந்தால், அது சிறுநீரகம் அல்லது கல்லீரல் நோயின் குரலாக இருக்கக்கூடும். நீர் வடியும் புண்ணும் சீழும் களிம்பால் தீர்பவை அல்ல. நீரிழிவு உடையோருக்குப் பாதம் முழுவதும் பூசலாம். கால்விரல்களின் இடுக்குகளில் மட்டும் பூசலாகாது, ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பூசியபின் தரையில் சிந்திய எண்ணெயைத் துடைத்துவிடுக. முதியோர் வழுக்கி விழுந்தால் எலும்பு முறியும்.

அன்பு வாசகரே, மேலே சொன்ன அளவில் செய்தால் 100 கிராம் கிடைக்கும். இரண்டு சிறு குப்பிகளில் ஊற்றலாம். ஒன்று உங்கள் வீட்டுக்கு இருக்கட்டும். மற்றொன்றை எடுத்துக்கொண்டு, உங்கள் தெருவில் தனியே இருக்கும் பெரியவர் ஒருவரின் வீட்டுக்குச் செல்லுங்கள். கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடாமல், சற்று அமர்ந்து, முதுகுக்கு யார் பூசுவார் என்று கேளுங்கள்.