படுத்தால் கண் திரும்பும்



மகளுக்கு லேசர் செய்து இரண்டு மாதமாகிறது. "கண்ணாடி இல்லாம தெரியுதா?" என்று ஊரில் நிறையப் பேர் கேட்கிறீர்கள். தெரிகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் லேசர் செய்ய நினைத்திருப்பவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியது வேறொன்று.

மகளுக்கு இரண்டு கண்ணிலும் சிலிண்டர் பவர் மூன்று. கண்ணின் முன்னாலுள்ள தெளிவான படலம் பந்து போல இல்லாமல், கரண்டியின் முதுகு போல ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருக்கிறது. அந்தத் திசையின் கோணம் பார்த்துத்தான் லேசர் செதுக்க வேண்டும்.

முதலில் போன இடத்தில் நாங்கள் கேட்டது இரண்டே கேள்வி. எவ்வளவு செலவு? எத்தனை நாள் லீவு? திகதியும் எடுத்துவிட்டோம். அன்றிரவு மகள் வந்து, "உம்மா, படுத்தா கண் சுத்துமாமே?" என்றாள். சிரித்தோம். அடுத்த நாள் போன் எடுத்துக் கேட்டபோது, "அதெல்லாம் மெஷின் பார்க்கும்" என்றார்கள். எங்களுக்கு மனம் ஆறவில்லை. வேறொரு டொக்டரிடம் போனோம்.

அவர் சிரிக்கவில்லை. "உண்மைதான் டீச்சர். அளவெடுக்கிறது இருக்க வச்சு. லேசர் அடிக்கிறது படுக்க வச்சு. படுத்ததும் கண் குழிக்குள்ளயே கொஞ்சம் திரும்பும்" என்றார். பலருக்கு இரண்டு, நான்கு பாகை. சிலருக்குப் பத்துக்கும் மேல். பத்துப் பாகை பிழைத்தால் சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே மிச்சம். முப்பது பாகை பிழைத்தால் செய்தும் செய்யாத மாதிரி. பிள்ளைகளின் பாகைமானிப் பிழைக்குப் புள்ளி வெட்டுகிற நாங்கள் வாயடைத்துப் போனோம். சிலிண்டர் இல்லாத வெறும் கிட்டப்பார்வைக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. வட்டத்தை எப்படித் திருப்பினாலும் வட்டம்தானே.

ஒப்பரேஷன் நாளில் மகளை நேராக இருக்க வைத்து, இரண்டு கண்ணிலும் வெள்ளை தொடங்குகிற ஓரத்தில், கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இடங்களில் மைப்புள்ளி வைத்தார். கதிராளியின் கோலம் கைரேகை போல ஆளுக்காள் வேறு. இருந்தபடி எடுத்த கதிராளிப் படத்தை, படுத்த பிறகு தெரிவதோடு மெஷின் ஒப்பிட்டுப் பார்க்கும். கண்மணி சுருங்கி விரிந்து படம் பொருந்தாமல் போனால் மைப்புள்ளி கைகொடுக்கும். "மகள், தலையைச் சரிக்காதீங்க" என்று அவரே தலையைப் பிடித்து நேராக்கினாராம். தலை சரிந்தாலும் கோணம் பிழைக்கும்.

வலது கண் இரண்டு பாகை திரும்பியிருந்தது. இடது கண் ஆறு. கவனிக்காமல் விட்டிருந்தால் இடது கண்ணில் 0.6 அளவு பவர் மிச்சமாகி, மறுபடி கண்ணாடி.

சிலிண்டர் உள்ளவர்கள் காசு கட்டுமுன் கேளுங்கள்: "படுத்த பிறகு கண் திரும்புவதை எப்படிப் பார்த்துச் சரிசெய்வீர்கள்?" பொறுமையாகப் பதில் சொல்கிறவரிடம் கண்ணைக் கொடுங்கள்.

மகளுக்காகத் துஆச் செய்யுங்கள்.